பஃபிக்கு யார் சம்பளம் கொடுப்பது?

"காட்டேரியக் குத்திக் கொல்ற பொண்ணு கதைய ஏழு சீசன் உட்கார்ந்து பார்த்தியாடி?" என்று என் அறைத்தோழி கேட்டாள். ஆமாம், பார்த்தேன். மொத்தம் 144 எபிசோடு. அந்த நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்திருந்தால் அரியர் வைக்காமல் தப்பித்திருக்கலாம். ஆனால் வருத்தமில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்குப் புரியாத சில விஷயங்கள் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் புரிந்தன.

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எனக்கும் வந்தது. முதல் சீசனில் வரும் ரப்பர் முகமூடிகளைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வரும். ஆனால் இரண்டாவது சீசன் பாதி தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறாவது சீசனில் நிஜமாகவே பயமாக இருந்தது. காட்டேரியைப் பார்த்தல்ல, தண்ணீர்க் குழாய் உடைந்ததற்குப் பிளம்பர் கொடுக்கப்போகும் பில்லை நினைத்து!

ஒரு எச்சரிக்கை. கடைசி எபிசோடு வரை எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. 1992இல் இதே பெயரில் ஒரு சினிமா வந்து பெரிதாகப் போகவில்லை. அதற்குத் திரைக்கதை எழுதிய ஜாஸ் வீடன் அதே கருவைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தார். 1997 மார்ச்சில் அமெரிக்காவில் தொடங்கி 2003 மே மாதம் முடிந்தது. சாரா மிஷெல் கெல்லர்தான் பஃபி சம்மர்ஸ். கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்கு அடியில் நரகத்தின் வாசல் இருக்கிறது. அதனால் காட்டேரி, பிசாசு எல்லாம் ஊரைத் தேடி வருகின்றன. அவற்றைக் கொல்வதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஒரு பெண்ணுக்குச் சக்தி கிடைக்கும். அவள்தான் ஸ்லேயர். அவள் செத்தால் உலகத்தில் வேறெங்கோ இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அந்தச் சக்தி போய்விடும். இந்தப் பெண்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, வேலை வாங்குவதற்கு இங்கிலாந்தில் 'வாட்சர் கவுன்சில்' என்று ஒரு அமைப்பு. பஃபிக்கு அவர்கள் அனுப்பிய வாட்சர் கைல்ஸ். வெளியே பார்ப்பதற்குப் பள்ளி நூலகர்.

பஃபியைப் பற்றி எழுதுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்வது ஒன்று உண்டு. 'இதில் வரும் பிசாசுகள் எல்லாம் டீன்ஏஜ் பிரச்சினைகளின் உருவகம்'. உண்மைதான். காதலனோடு ஒரு இரவு கழித்ததும் மறுநாள் அவன் வேறு ஆளாக மாறி நிற்பதை, ஏஞ்சல் என்ற நல்ல காட்டேரி தன் ஆன்மாவை இழந்து கொடூரனாவதாகக் காட்டினார்கள். அதைவிட நல்ல உருவகம் கிடைப்பது கஷ்டம். ஆனால் நான் காமர்ஸ் மாணவி. கதையில் யாராவது வீடு, கார், நல்ல லெதர் கோட் என்று வைத்திருந்தால் 'இதுக்கெல்லாம் காசு ஏது?' என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பெரும்பாலான ஃபேண்டஸி கதைகளில் இதற்குப் பதில் இருக்காது. ஹீரோவுக்கு ஒரு பணக்காரத் தாத்தா இருப்பார், அல்லது புதையல் இருக்கும், அல்லது மாளிகை இருக்கும். பஃபியில் பதில் இருக்கிறது. அந்தப் பதில்தான் இந்தத் தொடரின் உண்மையான கதை என்பது என் கட்சி.

முதலில் அந்த விதியையே எடுத்துக்கொள்வோம். ஒருத்தி செத்தால் அடுத்தவள் தானாக வந்துவிடுவாள். கேட்பதற்கு ஏதோ புராணம் மாதிரி இருக்கிறது. இதையே வாட்சர் கவுன்சிலின் கணக்குப் பிள்ளை இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு தொழிற்சாலையில் மெஷின் வாங்கினால் அதற்குத் தேய்மானம் போடுவோம், இன்ஷூரன்ஸ் எடுப்போம், எண்ணெய் விடுவோம். ஏன்? கெட்டுப்போனால் புதிது வாங்கப் பணம் வேண்டும். ஆனால் ஒரு மெஷின் உடைந்த அதே நொடியில் இன்னொரு மெஷின் இலவசமாக வந்து நிற்கும் என்றால்? எவனும் எண்ணெய் விடமாட்டான். கவுன்சிலுக்கு ஸ்லேயர் என்பவள் அந்த மெஷின். அவளைக் காப்பாற்றுவதால் அவர்களுக்கு லாபமும் இல்லை, அவள் செத்தால் நஷ்டமும் இல்லை. ஸ்லேயர்கள் ஏன் இளவயதிலேயே சாகிறார்கள் என்ற கேள்விக்குக் காட்டேரிகள் மட்டும் பதில் இல்லை.

முதல் சீசனின் கடைசி எபிசோடில் பஃபிக்குப் பதினாறு வயது. மறுநாள் இரவு மாஸ்டர் என்ற கிழட்டுக் காட்டேரியின் கையில் அவள் சாவாள் என்று ஒரு பழைய ஓலையில் எழுதியிருக்கிறது. கைல்ஸும் ஏஞ்சலும் அதைப் பற்றிப் பேசுவதை அவள் மறைந்திருந்து கேட்டுவிடுகிறாள். முதலில் சிரிக்கிறாள். பிறகு வேலையை விடுகிறேன் என்கிறாள். பிறகு தனக்குச் சாக வேண்டாம் என்று அழுகிறாள். கெல்லரின் நடிப்பில் என்னை முதலில் உட்கார வைத்தது அந்த இடம்தான். ராஜினாமா செய்ய முடியாத வேலை. கடைசியில் அவள் போகிறாள், தண்ணீரில் மூழ்கிச் சாகவும் செய்கிறாள். நண்பன் ஸாண்டர் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதிப் பிழைக்க வைக்கிறான். ஆனால் ஒரு நிமிடம் செத்தாள் அல்லவா? அதனால் அடுத்த ஸ்லேயர் கிளம்பிவிட்டாள். அவள் பெயர் கெண்ட்ரா.

கெண்ட்ராவை நிறையப் பேர் மறந்திருப்பார்கள். வந்தது மூன்றே மூன்று எபிசோடு. சின்ன வயதிலேயே பெற்றோர் அவளை வாட்சரிடம் கொடுத்துவிட்டார்கள். அப்பா அம்மா முகம்கூட அவளுக்கு நினைவில்லை. நண்பர்கள் கிடையாது. பையன்களோடு பேசக் கூடாது. சன்னிடேலுக்கு வந்ததே விமானத்தின் சரக்கு அறையில்! ஒரு சண்டையில் அவள் சட்டை கிழிந்துவிடும். அது தனக்குப் பிடித்த சட்டை என்பாள். ஒரு நொடி கழித்து, தன்னிடம் இருப்பதே அந்த ஒரு சட்டைதான் என்பாள். அதை ஜோக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. உலகத்தைக் காப்பாற்றும் பெண்ணுக்கு இரண்டாவது சட்டை வாங்கித் தர யாரும் இல்லை. இரண்டாவது சீசன் முடிவில் அவள் கழுத்து அறுபட்டுச் சாகிறாள். கவுன்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவள் வந்துவிட்டாள்.

மூன்றாவது சீசனில் இதைவிட அப்பட்டமாக ஒன்று வரும். ஸ்லேயருக்குப் பதினெட்டு வயது முடிந்தால் கவுன்சில் ஒரு பரீட்சை வைக்கும். அவளுக்கே தெரியாமல் ஊசி போட்டுச் சக்தியை எடுத்துவிட்டு, ஒரு காட்டேரியோடு பூட்டிய வீட்டுக்குள் விடுவார்கள். ஜெயித்தால் பாஸ். தோற்றால் சாவு. ஊசி போடுகிறவர் வேறு யாருமில்லை, அவள் அப்பா ஸ்தானத்தில் நினைக்கும் கைல்ஸ்! பாதியில் மனசு கேட்காமல் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார். பஃபி எப்படியோ ஜெயிக்கிறாள். பரீட்சை முடிந்ததும் கவுன்சில் தலைவர் அவளைப் பாராட்டிவிட்டு, கைல்ஸை வேலையிலிருந்து தூக்குகிறார். காரணம், அந்தப் பெண்மேல் அவருக்கு ஒரு தகப்பனின் பாசம் வந்துவிட்டதாம். அது வேலைக்கு ஆகாதாம். 'பாசம் வைத்தால் டிஸ்மிஸ்' என்று பகிரங்கமாகச் சொல்லும் நிர்வாகத்தை நான் வேறெந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

இனி ஃபெய்த். கெண்ட்ராவுக்குப் பிறகு வந்த ஸ்லேயர். இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் இவள்தான். தன் வாட்சர் கண்ணெதிரே கொல்லப்பட்டதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள். பஃபிக்கு அம்மா இருக்கிறார், வீடு இருக்கிறது, இரவில் சாப்பாடு இருக்கிறது. ஃபெய்த் ஒரு மோட்டல் அறையில் தனியாகக் கிடக்கிறாள். ஒரே வேலை, ஒரே ஆபத்து. ஆனால் அவளிடம் 'நீ வாடகைக்கு என்ன செய்யற?' என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ஒருமுறை கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

பிறகு ஒரு இரவு அவள் தவறுதலாக ஒரு மனிதனைக் குத்திவிடுகிறாள். அங்கிருந்து சரிந்து, கடைசியில் ஊர் மேயரிடம் போய்ச் சேர்கிறாள். மேயர் வில்கின்ஸ்தான் அந்த சீசனின் வில்லன். ஆனால் வந்ததும் முதல் காரியமாக அவளுக்கு என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு நல்ல ஃபிளாட் கொடுக்கிறார். கட்டில், வீடியோ கேம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். பால் குடிக்கச் சொல்கிறார். ஃபெய்த் ஏன் கெட்டவள் ஆனாள் என்று பெரிய பெரிய மனோதத்துவம் எல்லாம் பேசலாம். என் கணக்கு எளிது. நல்லவர்கள் அவளுக்கு உபதேசம் கொடுத்தார்கள். கெட்டவர் வீடு கொடுத்தார். அவள் செய்தது சரி என்று சொல்லவில்லை. கொலை கொலைதான், பிறகு அவளே அதற்காகச் சரணடைந்து சிறைக்கும் போகிறாள். ஆனால் அவளைக் கையில் வைத்திருக்க ஒரு வாடகைச் செக் போதுமாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

'சரி, ஊர்க்காரர்கள் பஃபிக்குப் பணம் கொடுக்கலாமே?' என்று கேட்கலாம். இங்கேதான் எங்கள் பொருளாதாரப் பாடம் உதவுகிறது. தெருவிளக்கு மாதிரி சில விஷயங்களைப் 'பொதுப் பண்டம்' என்பார்கள். விளக்கு எரிந்தால் காசு கொடுத்தவனுக்கும் வெளிச்சம், கொடுக்காதவனுக்கும் வெளிச்சம். அதனால் யாரும் தானாகக் காசு கொடுக்கமாட்டார்கள். அரசாங்கம்தான் வரி வசூலித்து விளக்கு போட வேண்டும். பஃபி செய்யும் வேலையும் அதேதான். அவள் ஒரு காட்டேரியைக் கொன்றால் ஊரே நிம்மதியாகத் தூங்கும். ஆகவே சன்னிடேல் நகராட்சிதான் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நகராட்சியின் மேயர் யார்? பிசாசுகள் தின்பதற்கென்றே நூறு வருடங்களுக்கு முன் அந்த ஊரை உருவாக்கியவர்! எழுதினவர்கள் பொருளாதாரம் படித்தார்களா தெரியாது. ஆனால் கச்சிதமாக எல்லாக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

பள்ளியின் கடைசி நாட்களில் மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து பஃபிக்கு ஒரு பரிசு கொடுப்பார்கள். சன்னிடேல் பள்ளி வரலாற்றிலேயே குறைவான பேர் செத்தது இந்த பேட்ச்சில்தான் என்று சொல்லி ஒரு சின்னக் குடையைக் கொடுப்பார்கள். ஏழு வருடத்தில் அவளுக்கு ஊரிடமிருந்து கிடைத்த மொத்த ஊதியம் அந்தக் குடை. (அந்தக் காட்சியில் அழாதவர்கள் என்னிடம் பேச வேண்டாம்.)

அடுத்து ஐந்தாவது சீசன். 2001 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு எபிசோடு. கவுன்சில் ஆட்கள் மொத்தமாக இறங்கி, தங்களிடம் இருக்கும் ஒரு தகவல் வேண்டுமென்றால் பஃபி தங்கள் பரீட்சையில் தேற வேண்டும் என்று மிரட்டுகிறார்கள். கடைசியில் பஃபி போடுகிற போடு இருக்கிறதே! ஸ்லேயர் இல்லாவிட்டால் கவுன்சிலுக்கு வேலையே இல்லை, அவள்தான் அவர்களுக்கு வேலை கொடுக்கிறாள், அவர்கள் அவளுக்கல்ல என்று புரிய வைக்கிறாள். பிறகு நிபந்தனை போடுகிறாள். கைல்ஸை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும், நீக்கிய நாளிலிருந்து சம்பள பாக்கியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நான் கைதட்டினேன். தட்டி முடித்ததும்தான் உறைத்தது. அவளுக்கு? அந்த அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சம்பளம் வாங்குகிறவர்கள். இப்போது கைல்ஸும் வாங்குகிறார். பார்த்துக் குறிப்பெடுப்பவருக்குச் சம்பளம், சண்டை போட்டு ரத்தம் சிந்துகிறவளுக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு தெளிவாகப் பேரம் பேசத் தெரிந்தவளுக்குத் தனக்காக ஒரு பைசா கேட்கத் தோன்றவில்லை. இது எழுத்தாளர்களின் மறதி என்று முதலில் நினைத்தேன். அடுத்த சீசனைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஏனென்றால் அதற்குச் சில வாரங்களிலேயே பஃபியின் அம்மா ஜாய்ஸ் இறந்துவிடுகிறார். காட்டேரி கடித்தல்ல. மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்து தேறி வந்தவர், ரத்தக்குழாய் வெடித்து வீட்டு சோபாவில் கிடக்கிறார். அந்த எபிசோடில் பின்னணி இசையே கிடையாது. சாவு வீட்டில் நேரம் எப்படி நகராமல் நிற்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா அம்மாவை விட்டுப் போய் வருடங்களாகிவிட்டன, எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார், தகவல் சொல்லக்கூடப் பிடிக்க முடியவில்லை. தங்கை டான் பள்ளிக்கூடத்துப் பெண். சீசன் முடிவில் தங்கையையும் உலகத்தையும் காப்பாற்ற பஃபி உயிரையே கொடுக்கிறாள். அங்கேயே முடித்திருந்தால் அது வழக்கமான வீரக்கதை. தியாகம் செய்தாள், கல்லறை கட்டினார்கள், சுபம்.

ஆனால் ஆறாவது சீசனில் நண்பர்கள் மந்திரம் போட்டு அவளை உயிரோடு கொண்டு வருகிறார்கள். சொந்தச் சவப்பெட்டியை உடைத்து மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே வருகிறாள். வந்ததும் என்ன நடக்கிறது? வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைகிறது. அம்மாவின் இன்ஷூரன்ஸ் பணம் ஆஸ்பத்திரி பில்லிலேயே கரைந்துவிட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். வங்கிக்கு லோன் கேட்கப் போகிறாள். வருமானம் இல்லை, ஈடு வைக்க ஒன்றும் இல்லை, லோன் இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பிசாசு வங்கியைக் கொள்ளையடிக்க வருகிறது. அதை அடித்து விரட்டுகிறாள். இப்போதாவது கொடுப்பார்களா? மாட்டார்கள். வங்கியின் விதிமுறைகளில் 'பிசாசிடமிருந்து காப்பாற்றியது' என்று ஒரு காலம் இல்லையே!

அப்போது அவள் தோழி ஆன்யா ஒரு யோசனை சொல்கிறாள். ஆயிரம் வருடம் பிசாசாக இருந்து மனுஷியானவள், பணத்தை நேசிப்பவள். காட்டேரி கொல்வதற்குக் கட்டணம் வாங்கு என்கிறாள். மற்ற எல்லோரும் அவளை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி பார்க்கிறார்கள். உயிரைக் காப்பாற்றக் காசு வாங்குவதா! தொடர் முழுக்க ஆன்யாவை இங்கிதம் தெரியாதவள் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கென்னவோ அந்தக் கூட்டத்தில் பஃபியின் நிலைமையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று படுகிறது. டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறார், காசு வாங்குகிறார். தீயணைப்பு வீரர் சம்பளம் வாங்குகிறார். யாரும் அசிங்கம் என்பதில்லை. அவளுக்கு மட்டும் ஏன் கூடாது? அதுவும், செத்தவளை எழுப்பி அதே வீட்டில் தங்கிக்கொண்டிருக்கும் வில்லோவும் டாராவும் வாடகை கொடுப்பதாக எங்கேயும் காட்டவில்லை!

பஃபி கடைசியில் ஒரு பர்கர் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். மாடு படம் போட்ட தொப்பி, கைகளில் எண்ணெய் வாடை. அந்தக் கடையில் வேலை செய்யும் ஆட்கள் திடீர் திடீரென்று காணாமல் போகிறார்கள். யாரும் கவலைப்படுவதில்லை. இந்த மாதிரி வேலையில் ஆட்கள் வருவதும் போவதும் சகஜம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஒரு பிசாசு அவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ரசிகர்களில் நிறையப் பேருக்கு இந்த எபிசோடு பிடிக்காது. மட்டமானது என்பார்கள். ஆனால் கெண்ட்ராவை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஒருத்தர் போனால் அதே யூனிஃபார்மில் இன்னொருத்தர். போனவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாட்சர் கவுன்சிலும் அந்த பர்கர் கடையும் ஒரே நிர்வாகம்தான்.

எங்கள் பொருளாதார வகுப்பில் ஒரு பழைய உதாரணம் சொல்வார்கள். பிகு என்ற பொருளாதார அறிஞர் சொன்னது. ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான். ஆனால் நேற்றுவரை அதற்குச் சம்பளம் இருந்தது, கணக்கில் வந்தது. இன்று அதன் பெயர் மனைவியின் கடமை. கணக்கில் வராது. இதைப் படித்தபோது ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பஃபி பார்த்த பிறகு வேடிக்கையாக இல்லை. ஒரு வேலைக்கு 'விதி' என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. பாசம், கடமை, தியாகம், எல்லாம் இந்த வகைப் பெயர்கள்தான். அந்தப் பெயர்களைப் பெரும்பாலும் யார் வேலைக்கு வைக்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தத் தொடர் வெறும் புலம்பல் இல்லை. பஃபி ஏன் மற்ற ஸ்லேயர்களைவிட அதிக நாள் வாழ்ந்தாள்? இரண்டு ஸ்லேயர்களைக் கொன்ற ஸ்பைக் என்ற காட்டேரியே ஐந்தாவது சீசனில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறான். அவளுக்கு அம்மா, தங்கை, நண்பர்கள் என்று உலகத்தோடு பிடிப்பு இருக்கிறது. கவுன்சிலின் சட்டப்படி ஸ்லேயர் யாரிடமும் சொல்லக் கூடாது, தனியாக வேலை செய்ய வேண்டும். முதல் வாரமே அந்தச் சட்டத்தை உடைத்தாள் பஃபி. கெண்ட்ரா உடைக்கவில்லை. ஃபெய்த்துக்கு உடைக்க ஆள் கிடைக்கவில்லை.

ஏழாவது சீசனில் அந்த விதியின் பிறப்பையே காட்டிவிடுகிறார்கள். ஆதிகாலத்தில் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைச் சங்கிலியால் கட்டி, அவளுக்குள் ஒரு பிசாசின் சக்தியைத் திணித்திருக்கிறார்கள். ஆக, அது கடவுள் போட்ட கணக்கில்லை. சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவு. முடிவு என்றால் மாற்றலாம். கடைசி எபிசோடில் வில்லோவின் மந்திரத்தால் அந்தச் சக்தி உலகத்தில் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சேர்கிறது. பேஸ்பால் ஆடும் ஒரு சின்னப் பெண்ணின் முகத்தில் வரும் சிரிப்பு ஒன்று போதும். எங்கள் மொழியில் சொன்னால், ஒரே பங்குதாரரின் தலையில் இருந்த அத்தனை கடனும் ஆயிரம் பேருக்குப் பிரிந்தது. இனி ஒருத்தி சாவது அடுத்தவளுக்கு வேலை நியமன உத்தரவு இல்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த முடிவில் உலகம் முழுக்க இருந்த பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த மூன்று ஆண்களும் கேட்கவில்லை, பஃபியும் கேட்கவில்லை. இதை அவர்களே உணர்ந்த மாதிரி, 'ஏஞ்சல்' என்ற கிளைத்தொடரில் 2004இல் டேனா என்ற பெண்ணைக் கொண்டு வந்தார்கள். சின்ன வயதில் கடத்திச் சித்திரவதை செய்யப்பட்டு மனநல மருத்துவமனையில் இருப்பவள். ஒரு நாள் திடீரென்று அவளுக்கும் சக்தி வருகிறது. விளைவு கொடூரம். பகிர்ந்து கொடுப்பது நல்லது, கேட்டுவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. இன்னொன்று, கெண்ட்ரா, முதல் ஸ்லேயர், 1977இல் நியூயார்க்கில் ஸ்பைக் கொன்ற நிக்கி வுட், மூவருமே கறுப்பினப் பெண்கள். கதையின் விலையை அவர்கள் கொடுக்கிறார்கள், கதை பஃபியுடையதாக இருக்கிறது. இதை அந்த நாளிலிருந்தே விமர்சகர்கள் சொல்லி வருகிறார்கள். மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

திரைக்கு வெளியே நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2021 பிப்ரவரியில், கார்டீலியாவாக நடித்த கரிஷ்மா கார்பெண்டர், படப்பிடிப்பில் ஜாஸ் வீடன் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று வெளிப்படையாக எழுதினார். கெல்லர் பஃபியோடு தன் பெயர் சேர்ந்திருப்பதில் பெருமைதான், ஆனால் வீடனின் பெயரோடு காலமெல்லாம் சேர்ந்திருக்க விருப்பமில்லை என்ற பொருளில் அறிக்கை விட்டார். டானாக நடித்த மிஷெல் டிராக்டன்பெர்கும் (2025இல் காலமானார்) அவர்களோடு நின்றார். வீடன் 2022இல் ஒரு பேட்டியில் தான் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டு, சில குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

இது தெரிந்த பிறகு தொடரைப் பார்க்கலாமா என்று தோழி கேட்டாள். நான் யோசித்துச் சொன்ன பதில் இதுதான். ஒரு நிர்வாகம் எப்படி ஒரு பெண்ணை உறிஞ்சும் என்று காட்டும் கதையை, அப்படி உறிஞ்சியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரே எழுதியிருக்கிறார். அது அவருக்கு எதிரான சாட்சியே தவிர, கதைக்கு எதிரான சாட்சி இல்லை. மேலும் அது அவர் ஒருவரின் சொத்தும் இல்லை. ஆறாவது சீசனை நடத்தியவர் மார்ட்டி நாக்ஸன். அந்த முகங்கள் நடிகைகளுடையவை. ஸ்லேயர் சண்டை போட, பெயர் கவுன்சிலுக்குப் போவதை நாமும் செய்ய வேண்டுமா என்ன?

கடைசியாக ஒரு கொசுறு. 2007 முதல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் இந்தக் கதையை எட்டாவது சீசன் என்று காமிக்ஸாகத் தொடர்ந்தது. அதில் நூற்றுக்கணக்கான ஸ்லேயர்களுக்கு பஃபி தலைவி. கோட்டை, ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கிறது. வழக்கம்போல 'இதுக்கெல்லாம் காசு ஏது?' என்று கேட்டுக்கொண்டே படித்தேன். பதில் வந்தது. ஒரு சுவிஸ் வங்கியைக் கொள்ளையடித்திருக்கிறாள்.

தப்புதான். ஆனால் அன்றைக்கு அந்த வங்கியில் லோன் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?